இளங்குதிரை வளரும்போது: நடைத் தடுமாற்றமும் சேணப் பொருத்தமும்

பொம்மியை அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கியபோது அவளுக்கு இரண்டரை வயது. கத்தியவாரி என்னும் குதிரை இனத்தின் கலப்பு, காதுகள் இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனியில் முட்டிக்கொள்ளும். தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் குதிரையைப் பார்க்கலாம். பார்த்தேன். நடுப்பற்கள் இரண்டும் புதிதாக முளைத்துக்கொண்டிருந்தன. வயது சரிதான் என்று சென்னை ஈசிஆர் சாலைப் பக்கத்து லாயத்துக்குக் கொண்டுவந்தோம்.

நாலு மாதம் நன்றாகவே போனது. மார்கழியில் ஒரு காலை, சேணம் முன்னால் வழுக்கிப்போய்த் தோள்மேல் உட்கார்ந்தது. சேணத்தை வயிற்றுக்கடியில் இழுத்துக் கட்டும் கர்த் வாரை இன்னும் ஒரு துளை இறுக்கினேன். மறுநாள் கர்த்தைக் கையில் எடுத்ததுமே காதை மடக்கிக்கொண்டு கடிக்க வந்தாள். மூன்றாம் நாள் கேன்டர் என்னும் மிதமான ஓட்டத்தில் தடுக்கி, முன்முட்டி மண்ணில் பட்டு எழுந்தாள். சரி, திமிர் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். லாயத்தில் முப்பது வருடமாகக் குதிரை பார்க்கும் பெரியவர் அவளைச் சிமென்ட் தரையில் நிறுத்தி, என்னைப் பக்கவாட்டில் வந்து நிற்கச் சொன்னார்.

"தம்பி, முதுகப் பாரு. வாங்கினப்ப இப்படியா இருந்துச்சு?"

இல்லை. பின்பக்கம் முன்பக்கத்தைவிட இரண்டு விரல் உயரமாக ஏறியிருந்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் வண்டி மாதிரி நின்றுகொண்டிருந்தாள். அதன் மேல் நான் 72 கிலோவும், 6 கிலோ சேணமும். திமிர் அவளிடம் இல்லை.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். மூன்று, நாலு வயதுக் குதிரையை வைத்துக்கொண்டு "திடீரென்று என்ன ஆச்சு இதுக்கு?" என்று விழிப்பவர்களுக்கு இது உதவும்.

முதலில், உடம்புக்குள் என்ன நடக்கிறது

குதிரையின் உயரத்தில் சுமார் 90 சதவீதம் முதல் வயது முடிவதற்குள்ளேயே வந்துவிடுகிறது. அதனால்தான் இரண்டு வயதுக் குதிரையைப் பார்த்து "வளர்ந்து முடிந்தது" என்று ஏமாறுகிறோம். எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தட்டுகள் உண்டு, எலும்பு நீள்வது அங்கேதான். தட்டு மூடினால் நீள்வது நிற்கும். அவை கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக மூடுகின்றன. குளம்புக்கு மேலே உள்ள சிறு எலும்புகள் ஏறக்குறைய ஒரு வயதுக்குள், முட்டிக்குக் கீழே உள்ள நீள எலும்பு ஒன்றரை வயதுவாக்கில், முன்முட்டிக்கு மேலே உள்ள தட்டு இரண்டு வயதைத் தாண்டி. கடைசியில் மூடுவது முதுகெலும்பு. அதற்கு ஐந்தரை வயது, பெரிய உருவமுள்ள ஆண் குதிரைகளுக்கு இன்னும் கூடுதலாகவே ஆகும். நாம் சேணம் வைப்பது அந்தக் கடைசி எலும்பின்மேல்.

வளர்ச்சி சீராக நடந்தால் தொல்லையில்லை. அது பின்பக்கம் ஒரு தவணை, முன்பக்கம் ஒரு தவணை என்று விட்டுவிட்டு வரும். பின்பக்கம் முந்திக்கொள்ளும் வாரங்களில்தான் சிக்கல். சும்மா நிற்கும்போதே குதிரையின் எடையில் 60 சதவீதம் அளவுக்கு முன்கால்கள் தாங்குகின்றன. பின்பக்கம் உயர்ந்தால் அந்தப் பாரம் இன்னும் முன்னால் சாய்கிறது. சவாரிக்காரரின் எடையும் சேர்ந்துகொள்கிறது.

இதன் அடையாளங்கள் நமக்குத் தெரிந்தவைதான், காரணத்தைத்தான் தப்பாகச் சொல்வோம். வாய் மரத்துவிட்டது என்போம். உண்மையில் குதிரை கடிவாளத்தை ஐந்தாவது கால்போல ஊன்றிக்கொண்டு நடக்கும். ஒரு பக்கம் கேன்டர் எடுக்க மறுக்கும், அல்லது எடுத்த பிறகு பின்கால்களின் வரிசையை மட்டும் மாற்றிவிடும். சமதரையில் தடுக்கும். போன மாதம் அழகாகப் போட்ட வட்டம் இந்த மாதம் முட்டை வடிவில் இருக்கும். பத்தாம் வகுப்புப் பையன் ஒரே கோடை விடுமுறையில் வளர்ந்து, நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்வானே, அதே கதை.

இதே வயதில் பல்லும் மாறுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். வெட்டுப்பற்கள் இரண்டரை, மூன்றரை, நாலரை வயதில் சோடி சோடியாக விழுந்து முளைக்கும். கடைவாய்ப் பக்கமும் பால்பல் தொப்பிகள் கழலும். தலையை ஆட்டுகிறது, தீனியை வாயிலிருந்து உதிர்க்கிறது என்றால் சேணத்தைத் திட்டுவதற்கு முன் வாயைப் பார்த்துவிடுங்கள்.

அளவெடுப்பது: மாதம் ஒரு முறை, அதே இடத்தில்

கண் ஏமாற்றும். தினமும் பார்க்கிற கண் இன்னும் ஏமாற்றும். அதனால் ஒரு நோட்டு போடுங்கள்.

வேண்டியவை அதிகமில்லை. ஆறடி நேர்ச்சட்டம் ஒன்று, அதில் ஒட்டிய டேப், குறுக்கே பிடிக்க ஒரு சிறு பலகை, பலகை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம். நான் இதைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொண்டேன். கடையில் விற்கும் அளவுகோலும் இதைத்தான் செய்யும்.

குதிரையைச் சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். மணலில் எடுக்கும் அளவு வீண். ஒரு கால் ஒரு அங்குலம் புதைந்தாலே கணக்குப் போச்சு. நாலு காலும் சதுரமாக, தலை இயல்பான உயரத்தில் இருக்கட்டும். தலையைத் தொங்கவிட்டால் முன் அளவு மாறிவிடும். இரண்டு இடம் அளக்க வேண்டும். ஒன்று, பிடரி முடியும் இடத்தில் உள்ள தோள்மேடு, லாயத்தில் விதர்ஸ் என்பார்களே, அதன் உச்சி. மற்றொன்று புட்டத்தின் உச்சி. மூன்று முறை அளந்து நடு அளவைக் குறியுங்கள். பொம்மியின் நோட்டில் அந்த மார்கழிக் கணக்கு: முன் 142 சென்டிமீட்டர், பின் 146.

வித்தியாசம் 1 சென்டிமீட்டர் என்றால் கவலை வேண்டாம். 2 தாண்டினால் சேணத்தை மறுபடி சோதியுங்கள். 3 தாண்டினால் நான் ஏறுவதையே நிறுத்திவிடுவேன். இது என் லாயத்துக் கணக்கு, சாஸ்திரம் இல்லை. சில குதிரைகளுக்குப் பிறவியிலேயே பின்பக்கம் உயரம். ஐந்து வயதிலும் அப்படியே இருக்கும். உங்கள் குதிரையின் போன மாத அளவோடு ஒப்பிட்டால்தான் இந்த எண்களுக்குப் பொருள் உண்டு.

எடையும் குறித்துக்கொள்ளுங்கள். முழங்கைக்குப் பின்னால் மார்பின் சுற்றளவை எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து புட்டத்தின் பின்முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11880ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கிடைக்கும், எல்லாம் சென்டிமீட்டரில். வளர்ந்த குதிரைக்கான கணக்கு இது, இளசுக்குக் கொஞ்சம் முன்பின்னாக வரும். பொம்மிக்கு அப்போது 310 கிலோ வந்தது. வளர்ந்த குதிரைக்கே சவாரிக்காரர், சேணம் எல்லாம் சேர்த்து உடல் எடையில் 20 சதவீதம் தாண்டக் கூடாது என்பது பொது வழக்கு. இளசுக்கு 15 சதவீதத்தில் நிறுத்துவது நல்லது. 310இல் 15 சதவீதம் 46 கிலோ. நானும் சேணமும் 78. கணக்குப் போட்ட அன்று வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு வருடம் அவள்மேல் ஏறியது லாயத்தில் பழகும் 38 கிலோக் கல்லூரிப் பெண்தான். நான் கயிறு பிடித்தேன்.

முதுகின் வடிவத்தைத் தாளில் எடுப்பது

உயரம் பாதிக் கதைதான். முதுகு அகலுகிறதா, தோளுக்குப் பின்னால் பள்ளம் விழுகிறதா என்பது மீதிப் பாதி.

வளைத்தால் வளைந்தபடி நிற்கும் ரப்பர் அளவுகோல் ஒன்று, படம் வரைபவர்கள் பயன்படுத்துவது, பாரிமுனைப் பக்கம் ஸ்டேஷனரிக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் வீட்டு வயரிங்குக்குப் போடும் தடித்த செம்புக் கம்பி, ரப்பர் உறையோடு, இரண்டடி போதும். நான் இன்றும் கம்பியைத்தான் வைத்திருக்கிறேன்.

முதலில் தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைத் தேடுங்கள். உள்ளங்கையை வைத்து அழுத்தி, இன்னொருவரை முன்காலைத் தூக்கி முன்னால் இழுக்கச் சொன்னால், அந்த எலும்பின் மேல்முனை கைக்கடியில் பின்னோக்கி உருளும். அது எவ்வளவு தூரம் பின்னால் வருகிறது என்பதை ஒரு முறை கையால் உணர்ந்துவிட்டால் சேணத்தை எங்கே வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி முதல் கோடு. கம்பியைத் தோள்மேட்டின் குறுக்கே போட்டு இருபுறமும் உடம்போடு ஒட்ட அழுத்துங்கள். வடிவம் கலையாமல் தூக்கிச் சார்ட் தாளில் வைத்து உள்விளிம்போடு பென்சிலை ஓட்டுங்கள். இடது, வலது என்று எழுத மறக்காதீர்கள். நான் முதல் மாதம் மறந்தேன், அந்தத் தாள் குப்பைக்குப் போனது.

இரண்டாவது கோடு சேணத்தின் நடுவில். மூன்றாவது, கடைசி விலா எலும்பின் நேரே. குதிரைக்கு விலா 18 சோடி. வயிற்றின் பக்கமிருந்து கடைசி விலாவைத் தொட்டு, அதன் வளைவோடு மேலே போனால் முதுகில் எந்த இடம் என்று தெரியும். சேணத்தின் அடிமெத்தை அந்த இடத்தைத் தாண்டக் கூடாது. அதற்குப் பின்னால் பாரம் தாங்க விலா கிடையாது.

அடுத்த மாதம் அதே இடங்களில் எடுத்து, பழைய தாளின்மேல் வேறு வண்ணத்தில் வரையுங்கள். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் நிம்மதி. புதுக்கோடு வெளியே போனால் குதிரை அகலுகிறது, சேணம் இறுகத் தொடங்கிவிட்டது. தோளுக்குப் பின்னால் புதுக்கோடு உள்ளே போயிருந்தால் அது வளர்ச்சியாக இருக்க வாய்ப்பில்லை. பெரும்பாலும் சேணம் அழுத்தித் தசை வற்றுகிறது என்று பொருள்.

சேணத்தை வைத்துப் பார்ப்பது

சென்னை லாயங்களில் ஒரு வழக்கம் உண்டு. பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரைக்கு வாங்கிய சேணத்தையே புதிதாக வந்த இளசுக்கும் போட்டுவிடுவது. தரோபிரெட்டுக்குத் தோள்மேடு உயரம், முதுகு ஒடுக்கம். இளசுக்குத் தோள்மேடு இன்னும் எழவே இல்லை, முதுகு தட்டையான மேசைபோல இருக்கும். ஒடுக்கச் சட்டம் தட்டை முதுகில் நிற்காது. மேலே மிதந்து, இரண்டு பக்கமும் கிள்ளி, முன்னால் நழுவும்.

சேணத்துக்கடியில் போடும் நம்தா என்னும் கம்பளி விரிப்போ துணியோ போடாமல் வெறும் முதுகில் சேணத்தை வையுங்கள். தோள்மேல் கொஞ்சம் முன்னால் வைத்து, முடி படியும் திசையில் பின்னுக்குத் தள்ளினால் தானாக ஒரு இடத்தில் போய் நிற்கும். அங்கிருந்து பாருங்கள்.

தோள்மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் உயரம் இருக்க வேண்டும்; யாராவது ஏறி உட்கார்ந்த பிறகும் ஒளி தெரிய வேண்டும். அடியில் முதுகுத்தண்டின் மேலாக ஓடும் வாய்க்கால் முன்னிருந்து பின்வரை மூன்று விரலுக்குக் குறையாமல் இருக்கட்டும். மெத்தையின் கீழ் கையை முன்னிருந்து பின்வரை ஓட்டுங்கள். முன்னும் பின்னும் அழுத்தி, நடுவில் கை சும்மா போகிறதென்றால் சேணம் பாலம்போல நிற்கிறது. பாரமெல்லாம் நாலு மூலையில். பக்கவாட்டில் நின்று இருக்கையின் தாழ்வான இடம் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் உயர்ந்த குதிரையில் அது முன்னால் ஓடிவிடும். உட்காருபவர் தானாகத் தோள்மேல் சரிவார், பிறகு "குனிஞ்சு உக்காராதே" என்று பயிற்சியாளரிடம் வாங்கிக்கட்டிக்கொள்வார்.

இதெல்லாம் நிற்கும்போது. நடக்கவிட்டும் பார்க்க வேண்டும். வாக் என்னும் நடை, ட்ராட் என்னும் துள்ளுநடை இரண்டிலும் ஒருவர் பின்னாலிருந்து பார்க்கட்டும்: சேணம் ஒரு பக்கமாக நகர்கிறதா, பின்முனை எம்பி எம்பி அடிக்கிறதா?

வியர்வைத் தடத்தைப் பார்த்துச் சொல்லும் முறையை எல்லோரும் சொல்வார்கள். சேணம் எடுத்த பின் ஈரமான முதுகில் வட்டமாக ஒரு காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் அதிகம் என்பது. முறை சரிதான், ஊர்தான் சரியில்லை. சித்திரை, வைகாசியில் இங்கே சேணம் போடும் முன்பே குதிரை நனைந்து நிற்கும். இன்னொரு பக்கம், குளிர்ந்த ஊர்களிலிருந்து இங்கே வரும் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். அது தனி நோய், அந்தக் குதிரையில் தடமே விழாது. அதனால் இந்தச் சோதனையை மார்கழி, தை மாத விடியலுக்கு வைத்துக்கொண்டு, மற்ற மாதங்களில் கையை நம்புங்கள். சவாரி முடிந்ததும் முதுகுத்தண்டின் இருபுறமும் விரல்களால் மெதுவாக அழுத்திக்கொண்டே பின்னால் போங்கள். தோல் வெடவெடவென்று துடித்தாலோ முதுகைக் கீழே வளைத்தாலோ அதுவே பதில். சேணம் படும் இடத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தால் தாமதமாகிவிட்டது. அது பழைய அழுத்தத்தின் தழும்பு.

வளரும் காலத்துக்கு எந்தச் சேணம்

மூன்று வயதில் அளவெடுத்துப் புதுச் சேணம் தைக்கச் சொல்லாதீர்கள். நம் நாட்டுச் சேணங்களில் பெரும்பகுதி கான்பூரில் தயாராகி வருகிறது. பணம் கட்டி அது கைக்கு வருவதற்குள் குதிரை வேறு வடிவத்துக்குப் போயிருக்கும்.

உள்சட்டத்தின் முன்பகுதி இரும்பைக் கழற்றி அகலம் மாற்றக்கூடிய சேணம், அடிமெத்தையில் கம்பளி அடைத்தது, பழையதானாலும் பரவாயில்லை. கம்பளியைக் கூட்டலாம், குறைக்கலாம். பஞ்சு ஃபோம் மெத்தையில் அது முடியாது. சந்தேகம் வந்தால் ஒரு அளவு அகலமாகவே எடுங்கள். அகலத்தை ஷிம் என்னும் மெல்லிய திண்டு வைத்துச் சரிக்கட்டலாம். ஒடுக்கத்தைச் சரிக்கட்ட வழியே இல்லை. ஒடுக்கச் சேணத்துக்கு அடியில் தடித்த நம்தா போடுவது, இறுகிய ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போடுவதுதான்.

பின்பக்கம் உயர்ந்த வாரங்களில் முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் மெல்லிய ஷிம் வைத்தால் சேணம் மட்டத்துக்கு வரும். ஆனால் அகலமான சேணத்தில் மட்டும். வாலுக்கடியில் வார் மாட்டிச் சேணத்தைப் பின்னால் பிடித்துவைப்பதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நழுவுவது நிற்கும், நழுவிய காரணம் அப்படியே இருக்கும்.

சோதனை எத்தனை நாளுக்கு ஒரு முறை? நாலு வயது வரை ஆறு வாரத்துக்கு ஒன்று, பிறகு ஐந்தரை வரை மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன். அகலம் மாற்றிய பின் இரண்டு வாரத்தில் இன்னொரு முறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் பூஞ்சை பிடித்து ஊறிப்போகும். மழைக்காலம் முடிந்ததும் வார், தையல் எல்லாவற்றையும் இழுத்துப் பாருங்கள்.

தடுமாறும் வாரங்களில் என்ன வேலை கொடுப்பது

பின்பக்கம் முந்திய காலம் சில வாரங்களில் முடியலாம், மாதக்கணக்கிலும் இழுக்கலாம். சும்மா கட்டிப்போடுவது தீர்வல்ல. எலும்புக்கு அளவான நடமாட்டம் வேண்டும், பகலெல்லாம் தொழுவத்தில் நிற்கும் இளசுக்குத்தான் கால் கெடும்.

கையில் பிடித்து நடத்துவதில் தொடங்குங்கள், 20 நிமிடம், நேர்க்கோட்டில். தரையில் நாலு சவுக்குக் கட்டைகளைப் போட்டு நடையில் தாண்ட விடுங்கள். காலை எங்கே வைக்கிறோம் என்பதை அது மறுபடி கற்றுக்கொள்ளும். இடைவெளி முதலில் 80 சென்டிமீட்டர் வாக்கில், பிறகு அது காலை எட்டி வைக்கும் தூரத்துக்கு ஏற்ப. நடந்து, நின்று, இரண்டடி பின்னால் வந்து, மறுபடி நடப்பது பின்காலுக்கு நல்லது. கயிறு கட்டிச் சுற்றவிடுவதைக் குறையுங்கள். சிறு வட்டம் மூட்டுகளைத் திருகும். சுற்றியே ஆக வேண்டுமென்றால் 20 மீட்டர் வட்டம், பக்கத்துக்கு ஐந்து நிமிடம். தாண்டல் வேண்டாம். மெரினாவில் கேன்டர் போடும் ஆசை எனக்கும் உண்டு. ஆழ மணலில் தசைநாருக்குப் பாரம் கூடும். அலை நனைத்த கெட்டி மணலில் நடை மட்டும் போதும்.

குளம்பைச் செதுக்குவதை ஆறு வாரத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். குளம்பின் முன்நுனி நீண்டிருந்தால் தடுக்கல் இரண்டு மடங்கு.

தீனி, சுருக்கமாக

வேகமாக வளர்க்க வேண்டும் என்று கொட்டாதீர்கள். மாவுத்தீனி கூடினால் வளர்ச்சித் தட்டு வீங்கும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. இளசுக்கு இந்த இரண்டும் ஒன்றரைக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கால்சியம் பக்கம் கூடுதலாக இருக்க வேண்டும். நம் ஊரில் மாட்டுக்கு வளர்க்கும் கம்பு நேப்பியர் புல்லில் ஆக்சலேட் இருக்கிறது, அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். தவிடும் நேப்பியருமே முழுத் தீனி என்றால் முகவெலும்பு வீங்கும் நோயில் போய் முடியலாம். பேருக்கு ஏற்ப குதிரை மசால் என்னும் தீவனப் பயிரைக் கொஞ்சம் சேருங்கள், அதில் கால்சியம் நிறைய.

இது வளர்ச்சியில்லை, டாக்டரைக் கூப்பிடு என்று எப்போது சொல்வது

முட்டிக்கு மேலே அல்லது கணுக்காலுக்கு மேலே சூடான கெட்டி வீக்கம். ஒரே காலில் நொண்டல். இவை வளர்ச்சித் தடுமாற்றத்தின் கணக்கில் சேராது.

பின்கால்கள் குடித்தவன்போல ஊசலாடினால் அன்றைக்கே ஏறுவதை நிறுத்துங்கள். சிறு வட்டத்தில் திருப்பும்போது வெளிப்பக்கப் பின்கால் அளவுக்கு மீறி வெளியே வீசப்படுகிறதா, நடக்கும்போது வாலைப் பக்கவாட்டில் இழுத்தால் எதிர்க்காமல் கூடவே சாய்கிறதா, பின்னால் நடக்கச் சொன்னால் காலை இழுக்கிறதா என்று பாருங்கள். வேகமாக வளரும் பெரிய குதிரைகளில், அதிலும் ஆண்களில், கழுத்தெலும்பு தண்டுவடத்தை நெருக்கும் நோய் ஒன்று உண்டு. அதன் முகம் இப்படித்தான் இருக்கும். மழைக்குப் பின் குதிரை ஈ கடித்துப் பரவும் சர்ராவிலும் பின்கால் பலவீனம் வரும், கூடவே விட்டுவிட்டுக் காய்ச்சல், மெலிவு, வயிற்றடி வீக்கம். அதை ரத்தத்தில் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகும்போது அளவு நோட்டையும் நடையின் வீடியோவையும் கையோடு கொண்டுபோங்கள்.

பொம்மிக்கு இப்போது நாலரை. முன் 149, பின் 149.5. நானே ஏறலாம் என்று சென்ற மாதம்தான் பெரியவர் தலையாட்டினார், அதுவும் 20 நிமிடத்துக்கு. போன ஞாயிறு கம்பி போட்டு வரைந்தபோது தோளுக்குப் பின்னால் புதுக்கோடு ஒரு நூல் வெளியே போயிருந்தது. சேணத்தின் முன்னிரும்பை மாற்ற ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.